பந்தை விடத் தெரிந்த பையனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

தமிழகத்தின் மாவட்ட வயதுப்பிரிவு அணிகளைத் தேர்ந்தெடுக்கிற தேர்வாளர்களுக்கும், கிரிக்கெட் பயிற்சியகங்களை நடத்துகிற பயிற்சியாளர்களுக்கும்,

தொடக்க ஆட்டக்காரர்களை நீங்கள் தேர்ந்தெடுக்கிற முறையை இனியும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் இந்த மடல். இரண்டு நெட், அறுபது பையன்கள், மூன்று மணி நேரம். கணக்குப் போட்டால் தலைக்கு ஆறு நிமிடம், சுமார் பதினைந்து பந்து. அதுவும் சிமென்ட் தரையில் பட்டுப் பட்டுத் தையல் தேய்ந்து, மேல்தோல் உரிந்த பந்து. அந்தப் பதினைந்தில் ஆஃப் ஸ்டம்புக்கு (மூன்று ஸ்டம்புகளில் ஆட்டக்காரரின் காலுக்கு எதிர்ப்பக்கம் உள்ளது) வெளியே போகிற நான்கு பந்துகளை ஒரு பையன் மட்டையைத் தூக்கி விட்டுவிட்டால், வலைக்குப் பின்னாலிருந்து "அடிடா" என்று குரல் வருகிறது. ஐந்தாவதை அவன் துரத்துகிறான். மட்டையின் விளிம்பில் பட்டுப் பந்து பக்கவலையில் போய் விழுகிறது. அங்கே அதைப் பிடிக்க ஸ்லிப் இல்லை, கீப்பர் இல்லை, அவுட்டும் இல்லை. ஆறு நிமிடம் முடிந்ததும் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே கோடு விழுகிறது. அடுத்து வந்தவன் அதே தேய்ந்த பந்தை நேராகத் தூக்கி அடித்தான், அவன் பெயருக்கு நேரே டிக்.

இப்படித் தேர்ந்தெடுத்துவிட்டு, மூன்று நாள் ஆட்டத்தில் புதுப் பந்துக்கு எதிரே எட்டு ஓவருக்குள் மூன்று விக்கெட் போகிறதே என்று வருத்தப்படுவதில் அர்த்தம் இல்லை.

இந்த மடலில் ஒரே ஒரு தொடக்க ஆட்டக்காரரை முன்னிறுத்துகிறோம். சென்னையிலிருந்து போன முரளி விஜய். 61 டெஸ்ட், 3982 ரன், சராசரி 38.28, 12 சதம், 15 அரைசதம். உங்கள் பயிற்சியகத்தில் உள்ள பதினைந்து வயதுப் பையனிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். 2010 ஏப்ரலில் ஐ.பி.எல். ஆட்டத்தில், சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் அணிக்கு எதிராக 56 பந்தில் 127, பதினோரு சிக்ஸர் என்று உடனே சொல்வான். 2011 ஐ.பி.எல். இறுதிப் போட்டியின் 95-ஐயும் சொல்லக்கூடும். அவை நல்ல ஆட்டங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் விஜய் என்கிற டெஸ்ட் தொடக்க ஆட்டக்காரர் எதனால் பெரியவரோ அது அந்தப் பையன் கண்ணில் ஒருமுறைகூடப் பட்டதில்லை. பட வழியும் இல்லை. ஹைலைட்ஸ் தொகுப்பவர் முதலில் வெட்டி எறிவது ஆட்டக்காரர் விட்ட பந்துகளைத்தான். விஜயின் கலை முழுக்க அந்த வெட்டி எறியப்பட்ட பகுதியில் கிடக்கிறது.

2014 ஜூலை 9, டிரென்ட் பிரிட்ஜ். எதிரே ஆண்டர்சன், பிராட். இங்கிலாந்தில் அவர் ஆடிய முதல் டெஸ்ட் இன்னிங்ஸ். அன்று மாலை ஆட்டம் முடிந்தபோது 122 நாட் அவுட். மறுநாள் 146-ல் வெளியேறியபோது அவர் சந்தித்திருந்தவை 361 பந்துகள். மந்தமான ஆடுகளம்தான். மந்தமான களத்தில்தான் பொறுமை சீக்கிரம் கரையும். 25 பவுண்டரி, ஒரு சிக்ஸர் அடித்தவர் மற்ற பந்துகளை என்ன செய்தார் என்பதுதான் பாடம்.

அடுத்த டெஸ்ட் லார்ட்ஸ். முதல் இன்னிங்ஸில் இந்தியா 24 ரன் பின்தங்கியிருந்தது. இரண்டாம் இன்னிங்ஸில் விஜய் 247 பந்தில் 95. அந்த வெற்றியைப் பற்றிப் பேசும்போது இஷாந்த் சர்மாவின் 7 விக்கெட் வரும், ரஹானேயின் 103 வரும், ஜடேஜாவின் 68 வரும். எல்லாம் நியாயம். இந்தியா 95 ரன்னில் வென்றது. புதுப் பந்தை ஒரு முனையில் நின்று தேய்த்துக் கொடுத்தவரின் ரன்னும் அதே 95. பின்னால் வந்தவர்கள் அடிக்கத் தோதான பந்தை யார் உண்டாக்கினார் என்று ஸ்கோர்கார்டு சொல்லாது. ஐந்து டெஸ்ட் தொடரை 3-1 என்று தோற்ற அந்த அணியில் அதிக ரன் எடுத்தவர் அவர்தான்: 402.

அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியா. அடிலெய்டில் இரண்டு இன்னிங்ஸில் 53, 99. பிரிஸ்பேனில் 144, 27. மெல்போர்னில் 68, 11. சிட்னியில் 0, 80. மொத்தம் 482. அடிலெய்டில் 364 ரன் துரத்தும்போது கோலியுடன் சேர்ந்து 185. விஜய் 99-ல் சுழல் வீச்சாளர் லயனின் பந்தில் எல்பிடபிள்யூ (ஸ்டம்பை நோக்கி வந்த பந்து காலில் பட்டு அவுட்) ஆனபோது ஸ்கோர் 242. அங்கிருந்து 315-க்கு மொத்த அணியும் சுருண்டது. நிற்கத் தெரிந்த ஓர் ஆள் போனால் பின்னால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அதற்கு முந்தைய ஆண்டு டர்பனில் ஸ்டெய்ன், மார்க்கல் முன்னால் 97. 2015-ல் மொஹாலியில், நான்கு இன்னிங்ஸில் எந்த அணியும் 201-ஐத் தாண்டாத சுழல் களத்தில் 75, 47. அவரது பன்னிரண்டு சதங்களில் ஒன்பது இந்தியாவில் வந்தவை என்று குறைசொல்கிறவர்கள் இந்த இன்னிங்ஸ்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி, விடுவது என்றால் என்ன என்பதை உங்களோடு கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பல பயிற்சியகங்களில் அது ஆடாமல் இருப்பது என்றே கருதப்படுகிறது. அது ஒரு ஷாட். மற்ற ஷாட்டுகளைப் போலவே காலும் தலையும் கையும் சேர்ந்து செய்கிற வேலை.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து கையை விட்டு மட்டையை அடைய ஏறத்தாழ அரை விநாடி. அதற்குள் திசை, லெந்த் (பந்து தரையில் விழும் இடம்) இரண்டையும் பார்த்தாக வேண்டும். திசையைப் பார்ப்பதற்கு அடிப்படை, தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்திருப்பது. வலதுகை ஆட்டக்காரர் நடு ஸ்டம்பில் கார்டு எடுத்து (அதற்கு நேராகத் தன் இடத்தைக் குறித்து), பின்காலை ஆஃப் ஸ்டம்ப் பக்கம் ஒரு சிறு அடி நகர்த்தினால் கண்கள் ஆஃப் ஸ்டம்புக்கு மேலே வந்து நிற்கும். அதற்குப் பிறகு கணக்கு எளிது: கண்ணுக்கு வெளியே போவது விக்கெட்டில் படாது. இந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் தலை அசையக் கூடாது. விஜய் நன்றாக ஆடிய நாட்களின் படங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பந்து தரையில் படும்போது தலை நிலைத்திருக்கும், கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும், பந்தை முன்னால் போய்ச் சந்திக்காமல் கண்ணுக்குக் கீழே வரும்வரை காத்திருப்பார்.

நம் பையன்கள் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். பந்து கையை விடுவதற்கு முன்பே விடுவதென்று முடிவுசெய்துவிடுவது முதல் தவறு. உள்ளே திரும்புகிற பந்து ஸ்டம்பைப் பெயர்க்கும். இரண்டாவது, விட்ட பிறகும் மட்டையைப் பந்தின் பாதையில் தொங்கவிடுவது. கையை உடம்புக்குள் இழுத்து மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோகாவிட்டால் எகிறுகிற பந்து கையுறையிலோ மட்டையின் அடியிலோ உரசும். மூன்றாவது, விட்டவுடன் கண்ணை எடுத்துவிடுவது. கீப்பர் கைக்குப் போகும்வரை பார்த்தால்தான் அந்தப் பந்து கடைசியில் எவ்வளவு நகர்ந்தது, எந்த உயரத்தில் போனது என்று தெரியும். அடுத்த பந்துக்கான தகவல் அதுதான்.

லெந்த்தைப் பார்த்து விடுவது இதைவிடக் கடினம். ஸ்டம்பின் உயரம் 28 அங்குலம். பிரிஸ்பேனில் குட் லெந்த்தில் விழும் பந்து பெரும்பாலும் ஸ்டம்புக்கு மேலே போகும். நேரான பந்தைக்கூட உயரத்தை நம்பி விடலாம். அதே இடத்தில் விழும் பந்து நம் ஊர்களின் தாழ்ந்த களத்தில் ஸ்டம்பின் நடுவில் அடிக்கும். ஆகவே எந்தக் களத்தில் எந்த லெந்த்தை விடலாம் என்பதை முதல் நான்கைந்து ஓவருக்குள் கண்டுபிடித்தாக வேண்டும். டிசம்பரில் பிரிஸ்பேனில் 144 எடுத்தவர் அடுத்த ஆண்டு மொஹாலியின் சுழலில் 75 எடுத்தார் என்றால் இந்தக் கணக்கை இரண்டு இடத்திலும் வேறு வேறாகப் போட்டார் என்று அர்த்தம். சிமென்ட் தரையிலும் விரிப்பிலும் மட்டுமே வளர்கிற பையனுக்கு ஒரே ஒரு எழும்பல்தான் தெரியும். அவனை மண் களத்தில் இறக்கினால் அவன் கணக்கு முழுக்கத் தப்பாகிறது. தப்பு அவனுடையது இல்லை.

விட்டால் ரன் எப்படி வரும் என்று கேட்பீர்கள். வெளியே வீசி வீசிப் பார்த்த பந்துவீச்சாளர் பலன் இல்லாமல் நேராக வருவார். நேராக வந்தால் காலில் இருந்து மிட்விக்கெட், மிட்ஆன் பக்கம் ரன். களைத்து லெந்த்தை முன்னால் தள்ளினால் கவர் டிரைவ். சுழல் வந்தால் இறங்கி அடிக்கலாம். விஜய் அதைத் தயங்காமல் செய்தார்; பிரிஸ்பேனில் அந்த 144-ல் அவர் ஆட்டமிழந்ததே லயனின் பந்தில் ஸ்டம்பிங். 56 பந்தில் 127 அடித்தவரும் 361 பந்து நின்றவரும் ஒரே ஆள். அடிக்கத் தெரியாததால் விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. இதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அடிக்கவும் தெரிந்தவன் விடும்போதுதான் பந்துவீச்சாளருக்குப் பயம்.

அவரது சரிவையும் மறைக்காமல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். அதில்தான் இன்னும் பெரிய பாடம் இருக்கிறது. 2018-ல் எட்ஜ்பாஸ்டனில் 20, 6. இரண்டு முறையும் எல்பிடபிள்யூ. லார்ட்ஸில் 0, 0. இரண்டு முறையும் ஆண்டர்சன். முதல் இன்னிங்ஸில் முதல் ஓவரிலேயே வெளிநோக்கி நகர்ந்த பந்தைக் கால் பக்கம் திருப்பப் போய் பௌல்டு. நான்கு ஆண்டு முன்பு அதே மைதானத்தில் 95 எடுத்தவர். மாறியது என்ன? அவுட்ஸ்விங்கரை மிட்ஆஃப் பக்கம் மட்டையின் முழு முகத்தைக் காட்டி ஆட வேண்டும், அல்லது விட வேண்டும். மட்டை குறுக்கே திரும்பிவிட்டால் பந்து அதன் வெளிவிளிம்பைத் தாண்டி ஆஃப் ஸ்டம்புக்குப் போகும். முன்கால் குறுக்கே விழுந்தால் உள்ளே வரும் பந்துக்கு மட்டை காலைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், எல்பிடபிள்யூ ஆகும். இது அப்பட்டமான நுட்பச் சிக்கல். புதுப் பந்துக்கு எதிரே ஓர் அங்குலம் தலை கால் பக்கம் சாய்ந்தாலே இது தொடங்கிவிடும். பதினைந்து வயதில் அந்த ஓர் அங்குலத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவது உங்கள் வேலை. தேய்ந்த பந்தில் ஆறு நிமிடம் பார்த்தால் அது கண்ணில் படாது.

அந்த இங்கிலாந்துத் தொடரின் பாதியில் இந்திய அணியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு அவர் இங்கிலாந்தின் எசெக்ஸ் கவுண்டி அணிக்குப் போனார். நாட்டிங்கம்ஷயருக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 56, 100. கடைசி டெஸ்ட் 2018 டிசம்பரில் பெர்த்தில். 2023 ஜனவரி 30 அன்று ஓய்வை அறிவித்தார். அவரைப் போல விட்டு ஆடுகிற தொடக்க ஆட்டக்காரர்களை உருவாக்க இங்கே எந்த ஏற்பாட்டையும் நாங்கள் பார்க்கவில்லை. எங்களை எழுதவைத்த புறக்கணிப்பு இதுதான்.

பொறுமை என்பது ஆட்டக்காரருக்கு மட்டும் வேண்டியதில்லை, தேர்வாளருக்கும் வேண்டும். விஜய் பதினேழு வயதுவாக்கில்தான் முறையாக ஆடவந்தவர். முதல்தர அறிமுகம் 2006-07 பருவத்தில், 22 வயதில். இன்றைய உங்கள் 14, 16 வயதுப் பட்டியல்களில் அவர் பெயர் இருந்திருக்காது. 2008 நவம்பரில் நாசிக்கில் மகாராஷ்டிராவுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் அபினவ் முகுந்துடன் முதல் விக்கெட்டுக்கு 462. விஜய் 243, முகுந்த் 300 நாட் அவுட். அந்த ஆட்டத்தின் பாதியிலேயே அழைப்பு வந்து நாக்பூர் போய், தடைபெற்ற கம்பீருக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவை எதிர்த்து டெஸ்டில் அறிமுகமானார். 33, 41. ஆனால் முதல் சதத்துக்கு 2010 அக்டோபர்வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆனது: பெங்களூரில் 139. அடுத்த ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் ரன் வராமல் இடமிழந்தார். 2013-ல் திரும்ப எடுத்தபோது, சொந்த ஊரான சென்னையில் 10, 6. அந்த இடத்தில் அவரை நிறுத்தியிருந்தால்? நிறுத்தவில்லை. அடுத்து ஹைதராபாத்தில் புஜாராவுடன் 370 ரன் கூட்டணி, தன் பங்குக்கு 167. அதற்கடுத்து மொஹாலியில் தவனுடன் 289, தன் பங்குக்கு 153. தொடர் முடிவில் 430 ரன், இரு அணியிலும் அதிகம். பத்தும் ஆறும் எடுத்த ஆளுக்கு இன்னோர் ஆட்டம் கொடுத்ததால் கிடைத்தது இது.

உங்கள் வயதுப்பிரிவு அணிகளில் தொடக்க ஆட்டக்காரன் இரண்டு முறை சீக்கிரம் அவுட்டானால் மூன்றாவது ஆட்டத்தில் தண்ணீர் தூக்குகிறான். ஆறாம் இடத்தில் ஆடி, பழைய பந்தில் நாற்பது அடித்தவன் மேலே ஏற்றப்படுகிறான். அவனும் இரண்டு ஆட்டத்தில் அவுட்டாகிறான். பருவம் முடியும்போது நான்கு பேரைக் கெடுத்து வைத்திருக்கிறோம். புதிய பந்தின் எடை 156 முதல் 163 கிராம், தையல் தூக்கி நிற்கிறது, ஒரு பக்கம் பளபளக்கிறது. நாற்பதாவது ஓவரில் வருகிற அதே பந்து முற்றிலும் வேறு பொருள். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ரன்னை மட்டும் ஒப்பிடுவது நியாயம் இல்லை.

தமிழகத்துக்குத் தொடக்க ஆட்டக்காரர்கள் புதிதல்லர். ஸ்ரீகாந்த் வேறு மாதிரி. முதல் ஓவரிலேயே அடித்து ஆட்டத்தைத் திருப்புவார். சடகோபன் ரமேஷ் 19 டெஸ்டில் சராசரி 38-ஐ ஒட்டி வைத்திருந்தார். எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அடிக்கிறவன் ஒருவன், நிற்கிறவன் ஒருவன் என்று இருந்தால்தான் ஜோடி. இப்போது நீங்கள் ஒரு வகையை மட்டும் தேர்ந்தெடுக்கிறீர்கள், அதுதான் குறை.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறோம்.

முதலாவதும் மிக முக்கியமானதும்: தொடக்க ஆட்டக்காரர்களுக்கான தேர்வை நெட்டிலிருந்து மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அறுபது பேர் வந்தால் தொடக்க ஆட்டக்காரர் என்று பெயர் கொடுப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பன்னிரண்டு என்றே வைத்தால் ஆறு ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புதுப் பந்து, பத்து ஓவர். கீப்பர், இரண்டு ஸ்லிப், கல்லி வைக்க வேண்டும். மொத்தம் அறுபது ஓவர். மணிக்குப் பதினைந்து ஓவர் வீதம் நான்கு மணி நேரம், ஒரே காலை. ஐந்து ஓவர் வீதம் வீசப் பன்னிரண்டு வேகப்பந்து வீச்சாளர்களைச் சுற்றில் விட்டால் போதும். அவர்களின் தேர்வும் அதே நேரத்தில் முடிந்துவிடும். அவுட்டானவனை வெளியே அனுப்பாமல் அவுட் என்று குறித்துக்கொண்டு பத்து ஓவரையும் ஆடவிடுங்கள், முதல் பந்தில் போனவனுக்கு அநியாயம் நடக்காது.

அந்தப் பத்து ஓவரில் ரன்னை மட்டும் எழுதாதீர்கள். ஸ்கோர் புத்தகத்தில் ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி வைக்கிறோம். ஆட்டக்காரர் விட்ட பந்தானால் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு, ஆடித் தவறிய பந்தானால் ஒரு சிறு வட்டம், விளிம்பில் பட்டால் ஒரு பெருக்கல் குறி. இவ்வளவுதான். பத்து ஓவர் முடிந்ததும் கோடு அதிகமா, வட்டம் அதிகமா என்று பாருங்கள். இருபது பந்து விட்டு, ஒருமுறைகூடத் தவறாமல், எட்டு ரன் எடுத்த பையன் இருபத்தைந்து ரன் எடுத்து ஏழு முறை தவறியவனைவிட நல்ல தொடக்க ஆட்டக்காரனாக இருக்க வாய்ப்பு அதிகம். வயதுப்பிரிவு லீக் ஆட்டங்களிலும் முதல் இருபது ஓவருக்கு இந்தக் குறிகளைக் கட்டாயமாக்குங்கள்.

பயிற்சியகங்களுக்கு: வாரத்தில் இரண்டு நாளாவது தொடக்க ஆட்டக்காரர்களுக்குப் புதுப் பந்து கொடுங்கள், அதுவும் மண் களத்தில். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு கை அகலத்தில் நான்காவதாக ஒரு ஸ்டம்பை நட்டு வையுங்கள். பதினாறு கஜத்திலிருந்து 24 த்ரோடவுன் (பயிற்சியாளர் கையால் எறிகிற பந்து). நான்காவது ஸ்டம்புக்கு வெளியே போவதை விட்டே ஆக வேண்டும், உள்ளே வருவதை மிட்ஆஃப் பக்கம் ஆட வேண்டும். பந்து தரையில் படும்போது பையன் வாய்விட்டு "விடு" அல்லது "ஆடு" என்று சொல்லட்டும். கையை விட்டு வருமுன் சொன்னால் அந்தப் பந்து செல்லாது. த்ரோடவுனோடு நிறுத்தாமல், கடைசி இரண்டு ஓவர் நிஜப் பந்துவீச்சாளர் வீச வேண்டும். மணிக்கட்டையும் தையலையும் படிப்பதை த்ரோடவுன் கற்றுத்தராது. நெட்டில் விளிம்பில் பட்டால் அன்றைய முறை முடிந்தது, மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அவுட்டுக்கு விலை இருந்தால்தான் அதற்குப் பயம் வரும்.

தொடக்க ஆட்டக்காரனாக ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பருவத்தில் குறைந்தது நான்கு ஆட்டம், எட்டு இன்னிங்ஸ் கொடுங்கள். அதற்கு முன் மாற்றுவதானால் காரணத்தை எழுத்தில் அவனுக்கும் அவன் பயிற்சியாளருக்கும் கொடுங்கள். பதினேழு, பதினெட்டு வயதில் புதிதாக வருகிறவர்களுக்கென ஒரு நாள் தனித் தேர்வு வையுங்கள்.

பருவம் தொடங்குமுன் மூன்று நாள் முகாம் ஒன்றுக்கு விஜயை அழையுங்கள். மேடையும் பொன்னாடையும் வேண்டாம். நெட்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போதும். ரமேஷையும் முகுந்தையும் கூட அழைக்கலாம். அந்த முகாமின் முதல் நாள், டிரென்ட் பிரிட்ஜில் விஜய் ஆடிய முதல் ஒரு மணி நேரத்தை வெட்டாமல், பந்துக்குப் பந்து பையன்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அடுத்து 2018 லார்ட்ஸின் முதல் ஓவர். இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையும் காலும் எங்கே மாறின என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

மைதானத் தேர்வுக்குப் பந்து வாங்கப் பணம் இல்லை, ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்பது தடையாக இருந்தால், முதல் தேர்வுக்கான ஆறு புதுப் பந்துகளை நாங்கள் வாங்கித் தருகிறோம், அறுபது ஓவருக்கும் குறி எழுத எங்களில் இருவர் வந்து உட்காருகிறோம். இந்தப் பருவத்தின் முதல் தேர்வு நாளுக்கு ஒரு வாரம் முன்பு தேதியும் மைதானமும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லீக் ஆட்டங்களில் புதுப் பந்தை ஆடியவர்களும், ஸ்கோர் எழுதுகிறவர்களும்